புதுப்பிப்பு: ஸ்டீயரிங் திருப்பும்போது வந்த ‘டொங்’ சத்தம்

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடது முன்பக்கம் ‘டொங்’ என்று சத்தம் வருகிறது, ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் ரேக்கையே (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) கெட்டிருந்தால் ஓட்டத்தில் வளையும்போது ‘டக் டக்’ என்று தொடர்ந்து வரும். இது அப்படி இல்லை. நேற்று தம்பியைத் திருப்பச் சொல்லி, முன்சக்கரத்தின் சஸ்பென்ஷனில் உள்ள காயில் ஸ்பிரிங்கின் (சுருள்வில்) வெளிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன் (சுருளுக்குள் விரலை விடாதீர்கள்). ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று துள்ளியது. அதே நொடியில் ‘டொங்’!

ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் (ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல, அதன் மேல்முனையில் உள்ள பேரிங்) துருப்பிடித்து இறுகியிருந்தது; அதனால்தான் ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கிக்கொண்டது. கழற்றிச் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் நறநறவென்றது. இரண்டு பக்கமும் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாயிற்று. சத்தம் போய்விட்டது, அப்புறம், வளைந்தபின் ஸ்டீயரிங் முன்போல் தானாக நேராகிறது.