ஹேமண்ட் எம்-3: லைன் அவுட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டுமா?

வால்வு வாத்தியார்:
பக்கத்து இழையில் கம்பிக்காரன் எழுதியிருக்கிறார்: "எம்-3 ஆர்கனில் லைன் அவுட் (மிக்ஸருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) எடுக்க ஸ்பீக்கர் முனையில் இரண்டு ரெசிஸ்டர் போதும், பத்து நிமிட வேலை." படித்ததும் டீ புரையேறிவிட்டது. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் எடுத்தால் அது லைன் அவுட் இல்லை, ஹம் அவுட்; உறுமல்தான் வரும்.

கம்பிக்காரன்:
கணக்குப் போட்டுத்தான் எழுதினேன். 10 வாட், 8 ஓம் என்று வைத்தால் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட 9 வோல்ட். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டு, சிறியதன் குறுக்கே எடுத்தால் பதினொன்றில் ஒரு பங்கு, சுமார் 0.8 வோல்ட். மிக்ஸருக்குத் தாராளம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்று ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வாத்தியார் பார்த்ததில்லை போல.

வால்வு வாத்தியார்:
அதன் செகண்டரியில், அதாவது ஸ்பீக்கர் பக்கச் சுற்றில், ஒரு முனையைச் சேஸிஸில் (உலோகச் சட்டத்தில்) கட்டியிருந்தால் அந்த மின் பிரிப்பு போச்சு. ஆர்கனுக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், நடுவில் கேபிள் ஷீல்டு (வெளி உறைக் கம்பி); மூன்றும் சேர்ந்து ஒரு வளையம், அதுதான் ஹம் லூப். ஹம் வராமல் கச்சேரியா வரும்? வோல்ட்டேஜை மாற்றாமல் இரு பக்கத்தையும் பிரிக்கும் 1:1 டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கம்பிக்காரன்:
"கட்டியிருந்தால்." மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

நாலுகட்டை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ராத்திரியில் வாசிக்க ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வால்வு வாத்தியார்:
கூடவே கூடாது. உள்ளே இருக்கும் 6வி6 பவர் வால்வுகள் லோடு (ஸ்பீக்கர் போன்ற சுமை) இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிவிடலாம். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அணைத்த பிறகும் கபாசிட்டரில் 300 வோல்ட் காத்திருக்கலாம், சட்டென்று கையை விடாதீர்கள். அப்புறம், லைன் அவுட்டில் டிரான்ஸ்பார்மர்.

ராகமாலிகா:
மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த எம்-3 மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கிறது. லைன் அவுட் போட்டால் சரியாகுமா?

கம்பிக்காரன்:
ஆகாது. லாரன்ஸ் ஹேமண்ட் மின்கடிகாரம் செய்தவர். ஆர்கனிலும் அதே சிங்க்ரனஸ் மோட்டார்தான், மின்சார அலைவோடு சேர்ந்து சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுரம் எழுப்பும் சக்கரங்களான டோன்வீல் எல்லாம் மெதுவாகும். 60 ஹெர்ட்ஸ் கொடுக்கும் இன்வெர்ட்டர் பாருங்கள்.

வால்வு வாத்தியார்:
போன வருடம் "ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும்" என்று இதே இடத்தில் எழுதியவர்தான் இப்போது ஹெர்ட்ஸ் பாடம் எடுக்கிறார். திருத்தியது நான். ஒரு நன்றி வரவில்லை.

கம்பிக்காரன்:
அது வோல்ட்டேஜுக்குச் சொன்னது, சுருதிக்கு அல்ல. பழைய கணக்கை விடுங்கள். என் எம்-3இல் இரண்டு முள் பிளக். எர்த்தே இல்லாத இடத்தில் ஹம் லூப் எங்கிருந்து வரும்?

வால்வு வாத்தியார்:
அட! எர்த் இல்லாத சேஸிஸை, எர்த் உள்ள மிக்ஸரோடு ஒரு கேபிளால் கட்டுகிறீர்கள். கசியும் மின்சாரம் முழுக்க அந்த ஷீல்டு வழியாகத்தான் போகும். முதலில் மூன்று முள் பிளக் மாற்றுங்கள். மாற்றினால் லூப் வரும். வந்தால்?

கம்பிக்காரன்:
டிரான்ஸ்பார்மர் என்பீர்கள்.

வால்வு வாத்தியார்:
இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே.

கம்பிக்காரன்:
ஒப்புக்கொள்ளவில்லை, உங்கள் பல்லவியைத் திருப்பிப் பாடினேன். ஹம் துளியும் இல்லாத பதிவு என்னிடம் இருக்கிறது.

வால்வு வாத்தியார்:
லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பதிந்திருப்பீர்கள். அதில் எர்த் ஏது, லூப் ஏது?

கம்பிக்காரன்:
அதனால் என்ன? மீட்டர் வைத்தீர்களா, இல்லையா?

வால்வு வாத்தியார்:
முப்பது வருடமாக வால்வு செட் ரிப்பேர் பார்க்கிறேன். மீட்டர் பிடிக்க நீங்கள் கற்றுத் தருகிறீர்கள்!

நாலுகட்டை:
அந்த 25 வாட் ரெசிஸ்டர் எங்கே கிடைக்கும்?