‘நீர்க்கட்டி’யா, ‘பைக்கட்டி’யா? பெரினியல் சிஸ்ட்டுக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நோயாளர் கையேட்டில் பெரினியல் சிஸ்ட் (பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதியில் வரும், பை சூழ்ந்த கட்டி) என்பதற்கு ‘அடிப்பகுதி நீர்க்கட்டி’ என எழுதலாம் என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. அதன் இரு பாதிகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பின்பாதியில் கூடுதலாகவே உண்டு.

சினைப்பையில் வருவதை நீர்க்கட்டி என்று அழைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அங்கே உள்ளிருப்பது பெரும்பாலும் நீர்மம் என்பதால் குறையொன்றும் இல்லை. ஆனால் நாம் பேசும் இடத்தில் தோன்றும் மேல்தோல் வகைக் கட்டியில் இருப்பது நீரன்று. தோல் உதிர்க்கும் கெரட்டின் என்னும் புரதம் சேர்ந்து, பிசைந்த மாவைப் போலத் திரண்ட வெண்பொருள். மகப்பேற்றில் கிழிந்த அல்லது வெட்டப்பட்ட இடத்தைத் தைக்கும்போது தோலின் சிறு துணுக்கு உள்ளே புதைந்துபோனாலும் இது உருவாகக்கூடும். (ஆங்கிலத்தில் இதனை நெடுங்காலமாக எண்ணெய்ச் சுரப்பியின் பெயரால் ‘செபேசியஸ் சிஸ்ட்’ என்கிறார்கள், அதுவும் பிழையே.) பெண்களுக்கு யோனிவாயின் இருபுறமும் உள்ள பார்த்தோலின் சுரப்பியின் நாளம் அடைபட்டு வரும் வகையிலோ சளி போன்ற நீர்மம் தேங்குகிறது.

உள்ளிருப்பது இவ்வாறு வேறுபட, இவற்றுக்குப் பொதுவாக இருப்பது சுற்றியுள்ள பைதான். மருத்துவமும் அந்தப் பையைச் சார்ந்தே அமைகிறது. வலியில்லாத சிறிய கட்டியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கலாம். பிதுக்கினால் உள்ளடக்கம் வெளியேறுமே தவிரப் பை தங்கிவிடும், மறுபடியும் நிரம்பும். பை உள்ளுக்குள் உடைந்தால் சுற்றுத்திசு அழன்று வீங்கும். தொந்தரவு தரும் மேல்தோல் வகையைப் பையோடு முழுமையாக எடுத்தால்தான் மீண்டும் வரும் வாய்ப்பு குறையும். இவ்வளவையும் ‘நீர்’ என்ற ஒரு சொல் மறைத்து, ‘நீரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது.

முதலில் ‘உறைக்கட்டி’ என்றுதான் எழுத நினைத்தேன். ஒற்று மிகாமல் ‘உறைகட்டி’ என்று எழுதிவிட்டால் அது வினைத்தொகையாகி, உறைந்த குருதியை நினைவூட்டும். ஒரு ‘க்’ என்னும் ஒற்றை நம்பி நோயாளரை விட முடியாது. ஆகவே ‘பைக்கட்டி’. சினைப்பையோடு சேர்த்து ‘சினைப்பைப் பைக்கட்டி’ என்றால் நாக்கு தடுக்கும் என்பது உண்மை. அங்கே பழைய சொல்லே இருக்கட்டும்.

இனி முன்பாதி. ‘அடிப்பகுதி’ எதற்கும் பொருந்தும். ‘தொடையிடுக்கு’ வேறிடம். யோக மரபில் எருவாய்க்கும் கருவாய்க்கும் இடையே சுட்டப்படும் ‘மூலாதாரம்’ இடத்தால் பொருந்தினாலும், அதன் தத்துவச் சுமையோடு கட்டியைச் சேர்ப்பது பொருத்தமாகப் படவில்லை. மூலநோயோடு குழப்பவும் செய்யும். உடற்கூற்றியலில் இப்பகுதி முன்னே பூப்பெலும்பு இணைப்பும் பின்னே வால் எலும்பும் எல்லையாக அமைந்த சாய்சதுரத் தளம். இரு தொடைகள் பிரியும் இடத்தைக் குறிக்கும் கவடு என்ற நல்ல சொல் கைவசம் இருக்க, ‘கவட்டுத்தளம்’ எனலாம். ‘கவட்டுத்தளப் பைக்கட்டி’ நீளமானதுதான், எனினும் பிரித்தறிய எளியது.

எந்தச் சொல்லை ஏற்றாலும் கையேட்டில் சீழ்க்கட்டியையும் பௌத்திரத்தையும் (ஆசனவாயின் உட்புறத்திலிருந்து அருகிலுள்ள தோல்வரை உண்டாகும் புழை) தனித்துக் காட்ட வேண்டும். துடிக்கும் வலி, சூடு, காய்ச்சல் என்றால் அது சீழ்பிடித்ததன் அறிகுறி, தாமதிக்கக் கூடாது. ஆசனவாயருகே திரும்பத் திரும்ப உடைந்து கசிந்தால் பௌத்திரமா என்று பார்க்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த பெண்ணுக்குப் பார்த்தோலின் சுரப்பியில் புதிதாகக் கட்டி வந்தால், புற்றுநோய் அன்று என உறுதிசெய்யத் திசு ஆய்வு தேவைப்படலாம்.

ஒன்று மட்டும் மீதியுள்ளது. பார்த்தோலின் பையைத் திறந்து, அதன் விளிம்புகளைச் சுற்றுத்தோலோடு தைத்து, வடிவதற்கு நிலையான வாய் அமைக்கும் மார்சூப்பியலைசேஷன் முறையின் பெயர், சிறு பை எனப் பொருள்பட்டு, பின்னர் கங்காருவின் வயிற்றுப்பைக்கும் வழங்கிய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘மடிப்பையாக்கம்’ என்றால் உவமை தங்கும், செய்முறை விளங்காது. ‘பைவாய்த் தையல்’ என்றால் செய்முறை விளங்கும். நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். அறுவை மருத்துவம் அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.