மலை மாறினால் பறவையும் மாறும்: சோலைக்கிளி, சிரிப்பான் பார்த்த அனுபவங்கள்

சோலைவாசி (கொடைக்கானல்):

மலையுச்சி மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடுகளில் சின்னப் பறவைகளைத் தேடிப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சோலைக்கிளி, சிரிப்பான் இந்த இரண்டையும் எந்த மலையில் பார்த்தீர்கள், எப்படி இருந்தன என்று ஆளுக்கொரு குறிப்பு எழுதினால் நன்றாக இருக்கும். எது தனி இனம், எதற்கு எது உறவு என்று பிரிக்கும் வகைப்பாடு என்றாலே அருங்காட்சியகத்துக்குள் நடக்கிற வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த இரண்டு பறவைகள் விஷயத்தில் அது நாம் நடந்து போகிற காட்டிலேயே இருக்கிறது.

முதலில் சோலைக்கிளி. பேரில் கிளி இருந்தாலும் கிளி வகை இல்லை. சிட்டுக்குருவியைக் காட்டிலும் கொஞ்சம் பெரிய பாட்டுப் பறவை. பாம்பார் சோலையை ஒட்டிய பாதையில் காலை வெளிச்சம் சரியாக விழுவதற்கு முன்னால் பார்க்கலாம். கருநீல உடம்பு, வெள்ளை வயிறு, நீண்ட கால்கள். சருகுக்குள் தத்தித் தத்திப் போகும், நிற்கும், தலையைச் சாய்த்துக் கேட்கும், சட்டென்று ஒரு புழுவை இழுக்கும். மெல்லிய விசிலும் கரகரப்பும் கலந்து அது பாடுவதைக் கேட்டால் இவ்வளவு சிறிய உடம்புக்குள் இத்தனை ராகமா என்று தோன்றும்.

பிறகு உதகைப் பக்கம் ஒரு சோலையில் இதே நடை, இதே சாய்ந்த தலையோடு ஒரு பறவையைப் பார்த்தேன். ஆனால் விலாப்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு. என்னிடமிருந்த பழைய கையேடு இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றுதான் சொன்னது. நீலகிரிப் பறவையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்டன் விவரித்தார். சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்தவர் அவர். பழனிமலைப் பறவை, ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி சேகரித்ததை வைத்து 1868இல் பிளான்ஃபோர்ட் என்ற இயற்கை ஆய்வாளர் பெயரிட்டது. அப்போது தனித்தனி இனமாக இருந்தவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 2005இல் பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் மறுபடியும் பிரித்தார்.

பிரித்தாலும், இதன் நெருங்கிய உறவுப் பறவைகள் எவை என்பது தீரவில்லை. சிறகு குட்டை, கால் நீளம், தரையில் வாழ்க்கை என்பதால் நெடுங்காலம் இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிற குட்டைச்சிறகன்களோடு, பிராக்கிப்டெரிக்ஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி), வைத்திருந்தார்கள். அப்புறம் மையோமெலா என்ற வேறொரு பேரினத்துக்கு மாற்றினார்கள். 2017இல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு மரபணு, பாட்டு, உடல் அளவுகள், இறகின் நிறம் எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, இரண்டு இடமும் தவறு என்று காட்டியது. சோலைக்கிளிகளின் உறவுகள் நீல ஈப்பிடிப்பான்கள் இருக்கும் கிளையில் இருக்கின்றன. மரக்கிளையில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கிற கூட்டத்தின் உறவு, சோலையின் இருட்டுத் தரையில் இறங்கி, குட்டைச்சிறகனின் உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இருட்டான காட்டுத்தரை எங்கே இருந்தாலும் அங்கே வாழ்கிற சின்னப் பறவைக்கு நீண்ட காலும் குட்டைச் சிறகும் உதவும். அதனால் உருவத்தை மட்டும் நம்பி உறவு சொல்ல முடியாது. இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வம்சம் என்பதால் ஷோலிகோலா என்று தனிப் பேரினமே வைத்தார்கள்.

சிரிப்பானுக்கும் அதே ஆய்வில் மான்டிசிங்க்லா என்ற புதுப் பேரினம் கிடைத்தது. கூட்டமாகப் புதருக்குள் இருந்து சிரிப்பது மாதிரிக் கத்துவது இதுதான், கொடைக்கானலில் வீட்டு வேலி வரைக்கும் வரும். தவிட்டுக்குருவி வகையான சிலம்பன்களுக்கு உறவு. இதில் நான்கு இனம்: நீலகிரியில் ஒன்று, வயநாட்டுப் பக்கம் பாணாசுர மலையிலும் பிரம்மகிரியிலும் ஒன்று, ஆனைமலையிலும் பழனிமலையிலும் ஒன்று, தெற்கே அகத்தியமலையில் ஒன்று.

கொடைக்கானலில் நான் பார்ப்பதற்குக் கண்ணுக்குப் பின்னால் வரை ஓடும் நல்ல வெள்ளைப் புருவம், நெஞ்சு சாம்பல். நீலகிரிப் பறவைக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை செம்பழுப்பு. மற்ற மலைக்காரர்கள் எழுதுங்கள்.

குற்றாலச்சாரல் (தென்காசி):

அண்ணா, நான் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு ஆனி, ஆடியில் சாரல் கொண்டு வருகிற அதே ஆரியங்காவு கணவாய்தான் பறவைகளுக்கும் எல்லை. செங்கோட்டைக் கணவாய் என்று ஆய்வுகளில் வரும். அகலம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, ரயிலில் போனால் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே வேறொரு சோலைக்கிளி. தெற்கே இருப்பதற்கு 2017 வரை தனிப் பெயரே கிடையாது. நீங்கள் சொல்லும் பழனிமலைப் பறவையோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்போது அசம்பு சோலைக்கிளி; அசம்பு என்பது இந்த அகத்தியமலைப் பகுதியின் பெயர். உருவத்தில் வடக்கே இருப்பதைப் போலவே இருக்கும். பைனாகுலரில் பார்த்துப் பிரிக்க நான் முயற்சி செய்வதில்லை. அகத்தியமலையில் நிற்கிறேன் என்பதே போதும்.

நான் திருப்தியாகப் பார்த்தது சிரிப்பானைத்தான். மேல் கோதையாறு தாண்டி முத்துக்குழிவயல் பக்கம், மழை விட்டு மேகம் விலகிய நேரத்தில் குறிஞ்சிப் புதர்களுக்குள் ஒரு கூட்டம். புருவம் குட்டை, கண்ணைத் தாண்டி நீளவில்லை. படத்தைக் கொடைக்கானல் நண்பர் ஒருவர் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 1880இலேயே பிளான்ஃபோர்ட் இந்தத் தெற்கத்திப் பறவைக்கு மெரிடியோனாலிஸ் என்று பெயர் வைத்துவிட்டார் என்பதை நினைத்தால் அவர் கண்ணுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

மழைக்கால மேகம் (கோயம்புத்தூர்):

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பறக்கத் தெரிந்த பறவைக்கு ஒரு பள்ளத்தாக்கு எப்படித் தடையாகும்? பாலக்காட்டுக் கணவாய் காற்றிலேயே வளர்ந்தவன் நான், அதனால் இதை விடாமல் படித்தேன்.

பதில் உயரத்தில் இருக்கிறது. சோலை என்பது குளிர்ந்த உச்சிகளில் புல்வெளிக்கு நடுவே மடிப்புகளில் ஒடுங்கியிருக்கும் காடு. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், தரைமட்டமோ சில நூறு மீட்டருக்குள். அந்த வெக்கையில், அந்தக் காய்ந்த காட்டில், தரையில் தத்தி வாழும் ஒரு சோலைப் பறவைக்கு ஒதுங்க இடமும் இல்லை, தீனியும் இல்லை. சிறகில் பலம் இருந்தாலும் இறங்கி வராது. அதனால் ஒவ்வொரு மலையுச்சியும் அதற்கு ஒரு தீவு. இருபக்கமும் கலப்பு நின்றுபோய், பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்திருக்கின்றன.

ஆனால் எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலே சொன்ன ராபினின் குழு 2015இல் 23 இனங்களை எடுத்து, ஒன்பது இடங்களில் 356 பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டது. 10 இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அந்தப் பத்தில் சில, சின்னக் கணவாய்களிலும் பிரிந்திருந்தன. மற்ற இனங்களுக்குக் கணவாய் ஒரு பொருட்டே இல்லை. பிரிந்தவைகூட ஒரே காலத்தில் பிரியவில்லை. பனியுகக் காலங்களில் தட்பவெப்பம் மாறி மாறி, சோலை பரவியும் சுருங்கியும் இருந்தபோது ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தில் பிரிந்திருக்கிறது. ஒரே காடு, ஒரே பள்ளம், பறவைக்குப் பறவை வேறு வேறு வரலாறு!

வலை கட்டிப் பறவையைப் பிடித்து, அளந்து, இறக்கை ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு, உடனே விட்டுவிடுவார்கள். இவ்வளவு வரலாறும் அந்தச் சொட்டில் இருந்து வந்தது.

மலைத்தோட்டம் (நுவரெலியா):

அண்ணே, எங்கள் பக்கம் சோலைக்கிளி கிடையாது. ஆனால் உறவு விஷயத்தில் சொல்ல ஒன்று உண்டு, வெள்ளைக்கண்ணி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சை மஞ்சள் குருவி. இலங்கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கிற இந்திய வெள்ளைக்கண்ணி. இன்னொன்று இலங்கைக்கு மட்டுமே உரியது, மலைநாட்டில்தான் அதிகம்; பச்சை கொஞ்சம் அடர்த்தி. ஹக்கல தாவரவியல் தோட்டத்தில் காலையில் போனால் கிளைக்குக் கிளை கூட்டமாகத் தாவும்.

இவ்வளவு சின்னத் தீவில், இவ்வளவு ஒத்த உருவத்தில் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும், மேலே நீங்கள் சொன்ன ஆய்வாளர்களில் சிலரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்கிறது. இலங்கை வெள்ளைக்கண்ணி, வெள்ளைக்கண்ணிகளின் வம்ச மரத்தில் மிகவும் முன்னதாகவே பிரிந்த கிளை. இந்திய வெள்ளைக்கண்ணி வேறொரு காலத்தில் தனியாக வந்து சேர்ந்தது. பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) குடியிருப்பதால் மட்டும் இரண்டு குடும்பம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடாது அல்லவா, அப்படித்தான்.

வெள்ளைக்கண்ணி பேரினத்தில் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கின்றன. இவ்வளவு பெரிய கூட்டத்தின் அடிவேருக்குப் பக்கத்தில் நிற்கும் பறவை எங்கள் தேயிலை மலையில் இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்னொன்று, மரபணுப்படி வெள்ளைக்கண்ணிகள் சிலம்பன் கூட்டத்துக்குள் வருகின்றன. அந்த வகையில் உங்கள் சிரிப்பானுக்கும் தூரத்து உறவு.

சோலைவாசி (கொடைக்கானல்):

அருமை தம்பி, இலங்கைப் பக்கத்து விவரம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. கோயம்புத்தூர்த் தம்பி சொன்ன 23 இனங்களின் ஆய்வைப் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கணவாயைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடக் கூடாது.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பறவையைப் பார்த்தால் இடத்தைச் சரியாகக் குறித்து வையுங்கள். ‘கொடைக்கானல்’, ‘கேரளா’ என்று எழுதினால் போதாது. எந்தச் சோலை, எவ்வளவு உயரம், எந்தப் பக்கச் சரிவு என்று வேண்டும். சிரிப்பான்கள் நான்கும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று வராதவை, ஆகவே பத்து வருடத்துக்கு முன்னால் எழுதிய குறிப்பில்கூட இடம் சரியாக இருந்தால் இன்றைய பெயருக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது. இடம் இல்லாத குறிப்பு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இதற்கு உதவாது.

அடுத்தது, செல்போனில் பாட்டைப் போட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது. தயவுசெய்து வேண்டாம். அது தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. தைலமரமும் சவுக்கும் தேயிலையும் தின்றதுபோக மிஞ்சியிருக்கிற சின்னச் சோலைத் துண்டுகளில் வாழ்வது இது. அங்கே இருந்து விரட்டினால் போக வேறு இடம் இல்லை.

பாணாசுர மலைப் பறவையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே?

காட்டுப்பாதை (கூடலூர்):

நான் பார்த்திருக்கிறேன் சார். வனத்துறை அனுமதியோடு வழிகாட்டியுடன் மேலே ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே சோலை ஓரத்தில், காற்று அடங்கிய இடத்தில்தான் சத்தம் கேட்டது. நெஞ்சு சாம்பல், வயிறு செம்பழுப்பு, முகவாய்க்குக் கீழே கறுப்பு. நெஞ்சைப் பார்த்தால் உங்கள் கொடைக்கானல் பறவை மாதிரி தோன்றும், ஆனால் அது இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிக்குப் பக்கத்தில். இடையில் சாலியாறு பள்ளத்தாக்கு மட்டும்தான். 1851இல் பிளைத் என்ற விலங்கியலாளர் இதற்கு ஜெர்டனின் பெயரையே வைத்தார். நான்கு சிரிப்பான்களில் இதற்குத்தான் மிகக் கொஞ்சம் இடம், ஒருசில உச்சிகள் அவ்வளவே, அழியும் நிலையில் உள்ளவை பட்டியலில் இருக்கிறது. நாங்கள் போனபோது கூட்டத்தில் குஞ்சுகளும் இருந்தன. இடம், உயரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், படங்களோடு நாளை இங்கேயே போடுகிறேன்.