தமிழுக்கு மாற்றியதும் பொத்தான்களில் எழுத்து அறுபடுகிறது: அவசர உதவி தேவை

பால்கணக்கு (காலை 9.10)
வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்காக நான் எழுதிவரும் செயலியின் பதிவுத் திரையில், ஆங்கிலத்தில் ஒழுங்காக இருக்கும் பொத்தான்கள் தமிழுக்கு மாற்றியவுடன் கெட்டுவிடுகின்றன. எழுத்தின் அடிப்பாகம் அறுந்து, ‘புதுப்பிக்கவும்’ என்பது ‘பதுப்பிக்கவம்’ என்று தெரிகிறது. நாளைக் காலை நிலையத்தில் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெய்தல் (9.24)
ஆண்ட்ராய்டா, ஐபோனா, இணையப் பக்கமா? பொத்தானின் உயரத்தை எண்ணாகக் கொடுத்திருக்கிறீர்களா? திரையின் படம் ஒன்றை இட்டிருந்தால் இவ்வளவு கேட்க வேண்டியிருக்காது.

எழுத்தாணி (9.31)
இது எழுத்துருச் சிக்கல்தான், வேறெதுவும் இல்லை. கைபேசி நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி ஒரு தமிழ் எழுத்துருவை வைத்துவிடுகின்றன. ஒன்றில் ‘பு’வின் கால் குட்டையாக இருக்கும், இன்னொன்றில் தரையைத் தொடும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்ற எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

முதுநிரலர் (9.52)
ஆங்கிலத்தில் திரையை வரைந்து முடித்துவிட்டு, தமிழைக் கடைசி நாளில் உள்ளே திணிப்பவர்களுக்கு இப்படித்தான் நேரும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே நினைவில்லை. ஆண்ட்ராய்டில் போலிமொழி வசதி இருக்கிறது. அதை இயக்கினால் ஆங்கிலச் சொற்களையே நீட்டிக் காட்டும், எந்தப் பெட்டி பிதுங்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அடிப்படை ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்ல பழக்கம், தம்பி.

பால்கணக்கு (10.05)
மன்னிக்கவும், ஆண்ட்ராய்டுதான். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பில் வரும் பொத்தான், பழைய தீம் (தோற்ற அமைப்பு), உயரம் 36 டிபி (திரை அளவுக்கான அலகு), அகலம் 110 டிபி. ஆங்கிலத்தை என் கைபேசியில் பார்த்தேன். தமிழை அப்பாவின் கைபேசியில் பார்த்தேன்.

நெய்தல் (10.11)
இரண்டு வெவ்வேறு கைபேசிகள் என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்பா தமது கைபேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாரா?

பால்கணக்கு (10.19)
ஆம், கண்ணாடி இல்லாமல் படிப்பதற்காக வைத்திருக்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெய்தல் (10.48)
அதுதான் பாதிக் காரணம். மெட்டீரியல் பொத்தானுக்கு மேலும் கீழும் 6 டிபி உள்விளிம்பு தானாகவே வரும். அதற்குள் மேலும் கீழும் 4 டிபி இடைவெளியும் உண்டு. நீங்கள் கொடுத்த 36-இல் இந்த 20 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 16 டிபி. அந்தத் தீமில் ஆங்கிலச் சொற்கள் தாமாகவே பெரிய எழுத்துகளாக மாறிவிடுவதால், ‘SAVE’ என்ற நான்கு எழுத்துகளில் எதற்கும் கீழிறங்கும் கால் கிடையாது. ஆகவே 14 எஸ்பி (எழுத்தளவுக்கான அலகு, அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கினால் இதுவும் வளரும்) எழுத்து அந்த இடுக்கில் எப்படியோ ஒட்டிக்கொள்கிறது. தமிழுக்கு அப்படி இல்லை: மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரக் காலும் இருப்பதால் ஒரு வரிக்குத் தோராயமாக எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு உயரம், அதாவது 21, வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எழுத்தை 1.3 மடங்காக்கியிருந்தால் அதுவே 27-ஐத் தாண்டும். இருப்பதோ 16.

உயரத்தை எண்ணாகக் கொடுக்காமல் ‘ராப் கன்டென்ட்’ (உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவு) என்று மாற்றி, குறைந்தபட்ச உயரத்தை மட்டும் 48 டிபி என்று வையுங்கள். விரல் தொடும் பரப்புக்கு மெட்டீரியல் வழிகாட்டுதல் சொல்லும் அளவும் அதுதான். அகலத்தையும் அதேபோல் எண்ணின்றி விடுங்கள். பொத்தான்கள் எல்லாம் ஒரே வரிசையில் கொள்ளாவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்படி ‘ஃப்ளோ’வுக்குள் வையுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இரண்டு மடங்குவரை பெரிதாக்கலாம் என்பதால், அந்த அளவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுத்தாணி (11.02)
எழுத்துருவையும் மாற்றிவிட்டால் நல்லது என்றே இன்னமும் சொல்வேன்.

கரிசல்மண் (11.15)
உயரம் இருக்கட்டும், சொல்லைப் பாருங்கள். ‘சேமிக்கவும்’ என்று ஆறு எழுத்துகள் எதற்கு? ‘சேமி’ என்றால் இரண்டே எழுத்து. அகலச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

வைகறை (11.27)
பால் ஊற்ற வரும் அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்து ‘சேமி’, ‘ரத்துசெய்’ என்று ஏவுவது எந்த ஊர் மரியாதை?

கரிசல்மண் (11.36)
பொத்தான் பெரியவரை ஏவவில்லை. பெரியவர்தான் பொத்தானை அழுத்திக் கருவியை ஏவுகிறார். கருவிக்கு ‘உம்’ போட்டு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. ‘கொழுப்பு அளவை உள்ளிடவும்’ என்பது கருவி மனிதரிடம் கேட்பது. அங்கே மரியாதை வேண்டும். பேசுவது யார் என்று பார்த்தால் குழப்பம் வராது.

வைகறை (11.44)
அந்த நுட்பம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். திரையைப் பார்ப்பவர் அதை ஒரு பலகையில் எழுதிய சொல்லாகத்தான் படிப்பார். வேண்டுமானால் ‘சேமிப்பு’ என்று பெயர்ச்சொல்லாக வைக்கலாமே.

கரிசல்மண் (11.50)
பால் பணம் பட்டுவாடா ஆகும் செயலியில் ‘சேமிப்பு’ என்று ஒரு பொத்தானை வைத்துப் பாருங்கள். தம் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள்.

முதுநிரலர் (பிற்பகல் 12.30)
கேள்வி தளவமைப்பைப் பற்றியது. நீங்கள் இருவரும் இலக்கண வகுப்பு நடத்துகிறீர்கள். சொல்லைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடக்குவது தீர்வாகாது. நாளைக்கே மலையாளம் சேர்த்தால் பெட்டி மறுபடியும் பிதுங்கும். பெட்டிதான் சொல்லுக்கு வழிவிட வேண்டும்.

வைகறை (12.41)
முதன்முறையாக உங்களோடு உடன்படுகிறேன், ஐயா.

பால்கணக்கு (இரவு 9.40)
உயரத்தை மாற்றினேன், ‘பு’வுக்குக் கால் வந்துவிட்டது. பொத்தானில் ‘சேமி’ என்று வைத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் சொல்லைக் கவனிக்கவே இல்லை, ரத்துப் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, கை பட்டுவிடாதா என்று மட்டும் கேட்டார். அனைவருக்கும் நன்றி.

நெய்தல் (9.52)
நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்?

நெய்தல் (மறுநாள் மாலை 6.15)
நிலையத்தில் காட்டினீர்களா?