கடலோர வீட்டில் படம் மாட்ட எந்த ஆணி வாங்குவது? நான்கு வருடத்தில் சுவரெல்லாம் துருக்கறை

மண்டபம் தென்கடல் வீடு

வணக்கம். எங்கள் வீடு மண்டபத்தில் இருக்கிறது, தென்கடல் கரைக்கு இருநூறு அடிதான். கட்டி நான்கு வருடம் ஆகிறது. கூடத்தில் தாத்தா பாட்டி படம், கலாம் ஐயா படம், பிள்ளைகள் படம் என்று ஏழு மாட்டியிருந்தோம். போன வாரம் வெள்ளையடிக்கக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் துரு கோடு போட்டு இறங்கியிருக்கிறது. இரண்டு இடத்தில் பூச்சு கிண்ணம் மாதிரிப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. இரண்டைத் தவிர எல்லாம் கறுப்பு கான்கிரீட் ஆணி, ஒரு அங்குலம்.

அந்த இரண்டு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, கடையில் காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றுதான் வாங்கினேன், அதுவும் பழுப்பாகிவிட்டது. தாத்தா படம் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து ஏழு கிலோவுக்குக் குறையாது. அது விழுந்தால் அம்மா தாங்க மாட்டார்கள், வேறு பிரதி இல்லாத படம்.

இன்னொன்று, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு தெரிகிறது. அதை மறைக்க 10 மில்லிமீட்டர் கனத்தில் தேக்குப் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) இழைத்து வைத்திருக்கிறேன். அதற்கு எந்தச் சின்ன ஆணி சரி?

பாம்பன் தச்சு வேலை

தம்பி, ஒரு அங்குலமா ஒன்றரை அங்குலமா என்பதை அப்புறம் பார்க்கலாம். நம் கரையில் முதலில் கேட்க வேண்டியது ஆணி எந்த உலோகம் என்பது. நான் மரப்படகு வேலையில் இருந்து வீட்டு வேலைக்கு வந்தவன், முப்பது வருடமாக இந்தக் காற்றைப் பார்க்கிறேன். உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத மாதத்திலும் ஆணி காய்வதில்லை. இரும்பு துருவானால் முன்பு அடைத்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். உங்கள் பூச்சு கிண்ணமாகப் பெயர்ந்தது அதனால்தான், படத்தின் பாரத்தால் இல்லை.

கறுப்பு கான்கிரீட் ஆணி சூடேற்றிக் கடினமாக்கிய இரும்பு. சுவரில் இறங்கும், ஆனால் துருவிலிருந்து தப்பாது. பளபளவென்று துத்தநாகம் பூசி வருகிற ஆணிக்கும் பூச்சு மெல்லியது, சுத்தியல் பட்ட இடத்தில் உரிந்து அங்கே முதலில் துரு பிடிக்கும். சரி, ஸ்டெயின்லெஸ் ஆணியை அடிக்கலாமே என்றால், அது சுவருக்குப் போதாத மென்மை, செங்கல்லைத் தொட்டதும் வளைந்துவிடும். ஆகவே நம் ஊரில் சுவருக்கு ஆணியே வேண்டாம் என்பேன். துளை போட்டு, ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிட்டியை உள்ளே வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ முடுக்குங்கள்.

காந்தச் சோதனையில் உங்களை ஏமாற்றியது அந்தக் கடை மட்டும் இல்லை, அந்தச் சோதனையே அரைகுறை. 202 என்று ஒரு ரகம் உண்டு, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடற்காற்றில் சீக்கிரம் பழுப்பாகும். உங்களிடம் இருப்பது அநேகமாக அதுதான். 304 என்கிற ரகத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். வீட்டுக்குள் மாட்ட அது போதும். கடலைப் பார்த்த திண்ணையில், உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் 316 வாங்குங்கள், அதில் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் உப்பு குழி பறிப்பதை இன்னும் தாங்கும். தலையிலோ பெட்டியிலோ எண் இல்லாததை வாங்க வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் பாலம் துருவோடு எப்படிப் போராடியது என்று நமக்கெல்லாம் தெரியும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

இப்போது நீளம். உள்சுவர்ப் பூச்சு சாதாரணமாக 12லிருந்து 15 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் ஒரு அங்குல ஆணி 25 மில்லிமீட்டர், வெளியே நீட்டிய தலையையும் பூச்சையும் கழித்தால் செங்கல்லுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே பாருங்கள். தாத்தா படத்துக்கு 6 மில்லிமீட்டர் பிட்டால் இரண்டு அங்குல ஆழம் துளை போடுங்கள், தூளை ஊதி எடுங்கள், கிட்டியைப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள், 8 எண் ஸ்க்ரூ இரண்டு அங்குலத்தில் முடுக்குங்கள். ஒரு இடத்தில் வேண்டாம், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடத்தில். பாரம் பிரியும், படமும் சாயாது.

பழைய துரு ஆணியை உள்ளே விட்டுவிட்டு மேலே வெள்ளை அடிக்காதீர்கள். முழுதாகப் பிடுங்கி, கறை பட்ட பூச்சைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு அடையுங்கள்.

கீழக்கரை பழைய வீடு

தச்சர் அண்ணன் சொன்னது செங்கல் சுவருக்குச் சரி. எங்கள் வீடு போலப் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் யாருக்காவது இருந்தால் அப்படியே செய்துவிடாதீர்கள். ட்ரில் மெஷினைத் தட்டும் முறையில் வைத்தால் கல் மாவாக உதிர்ந்து துளை அகன்றுவிடும், கிட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் முறையில் மட்டும், மெதுவாகப் போட வேண்டும். நான் இரண்டு முறை கெடுத்த பிறகு கூடத்தின் நீளத்துக்கு ஒரு தேக்கு ரீப்பர் (நீள மரச்சட்டம்) அடித்துவிட்டேன், சுவரில் மொத்தம் நான்கே துளை. படங்கள் எல்லாம் ரீப்பரில் சின்னப் பித்தளை ஸ்க்ரூவில் தொங்குகின்றன, இடம் மாற்ற நினைத்தால் சுவரைத் தொட வேண்டியதில்லை. இந்தக் கல்லைக் கடலில் இருந்து எடுப்பது இப்போது தடை, உடைந்த சுவருக்கு மாற்றுக் கல் கிடைக்காது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

படத்தின் பின்னால் கட்டியிருக்கிற கம்பியையும் பாருங்கள். ஆணி நன்றாக இருந்தும் கம்பி இற்று எங்கள் வாப்பா படம் விழுந்தது. இப்போது கனமான தங்கூசி நரம்பை (மீன்பிடி நைலான் நரம்பு) இரட்டையாகக் கட்டியிருக்கிறேன். சட்டத்தின் கீழ் மூலைகளில் பழைய செருப்பு ரப்பரைச் சின்னதாக வெட்டி ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போகும், பின் அட்டையில் பூஞ்சணம் பூக்காது.

தொண்டி

பீடிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஆணியின் நீளம் பீடிங் கனத்தைப் போல இரண்டரை மடங்கு என்று வையுங்கள், உங்களுக்கு 25 மில்லிமீட்டர். தடிப்பு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். கேஜ் எண் கூடக்கூட ஆணி மெலியும், கடையில் இதை மாற்றிச் சொல்லி வாங்கிவிடாதீர்கள். தலை சிறுத்த பேனல் பின் கேளுங்கள், பித்தளையில் அல்லது ஸ்டெயின்லெஸ்ஸில். இங்கே காந்தம் உதவும்: பித்தளை என்று தருவதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

பித்தளை மென்மையானது, அதனால் 1 மில்லிமீட்டர் பிட்டால் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருந்து ஒரு அங்குலத்துக்குள் அடிக்கும்போது துளையோடு ஆணியின் கூர்முனையையும் லேசாகத் தட்டி மழுக்குங்கள். கூர்முனை நாரைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய முனை நாரை அறுத்துக்கொண்டு இறங்கும், மரம் வெடிக்காது. ஒரே நார் வரிசையில் எல்லாவற்றையும் அடிக்காமல் சற்று மேலும் கீழுமாக மாற்றி அடியுங்கள். ஆணி சுவரில் நிற்காது, நிலைக்கட்டையில்தான் இறங்க வேண்டும்.

மண்டபம் தென்கடல் வீடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று ராமநாதபுரம் போய் 304 எண் போட்ட ஸ்க்ரூவும் கிட்டியும் வாங்கி வந்தேன், பித்தளைப் பின் இரண்டு கடையில் காந்தத்தில் ஒட்டியது, மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. பழைய ஆணி ஏழையும் பிடுங்கியாகிவிட்டது. பூச்சு காய்ந்ததும் தாத்தா படத்தை முதலில் மாட்டுகிறேன். தச்சர் அண்ணே, பூச்சு அடைத்து எத்தனை நாள் கழித்துத் துளை போடலாம்?

பாம்பன் தச்சு வேலை

சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து விடுங்கள், பிறகு போடலாம். முடிந்தால் அடைத்த இடத்தை விட்டு நான்கு விரல் தள்ளிப் போடுங்கள் தம்பி.