லக்கி லூசரை இரண்டாம் சுற்றுக்கு ஏற்றாத என் டிரா ஷீட்

டென்னிஸ் ஆண்கள் ஒற்றையர் டிராவை (யார் யாருடன் மோதுவது என்ற பட்டியலை) கூகுள் ஷீட்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏடிபி 250 வகைப் போட்டி: 28 வீரர்கள், 32 வரிகள். முதல் நான்கு சீடுகளுக்கு (தரவரிசைப்படி முன்னிலை எண் பெற்றவர்களுக்கு) முதல் சுற்றில் ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அந்த ‘பை’கள் 2, 10, 23, 31-ஆம் வரிகளில் இருக்கின்றன.

நேற்று வரை ஒழுங்காக ஓடியது. முதல் நாள் ஆட்ட அட்டவணை வெளியான பிறகு 2-ஆம் சீடு விலகிவிட்டார். அந்தக் கட்டத்தில் டிராவை மறுபடி போடுவதில்லை. லக்கி லூசர் (தகுதிச் சுற்றில் தோற்றும், விலகியவருக்குப் பதிலாக உள்ளே வருபவர்) அவருடைய 32-ஆம் வரியில் உட்கார்ந்து, பையையும் வாங்கிக்கொள்கிறார். தகுதிச் சுற்றில் தோற்றவருக்கு நல்ல யோகம்தான். ஆனால் நான் பெயரை மாற்றியதும் இரண்டாம் சுற்றுக் கட்டம் காலியாகிவிட்டது. என் ஃபார்முலா சீடு எண்ணைப் பார்த்துத்தான் பை கொடுக்கிறது. எண் இல்லையென்றால் ஸ்கோரைத் தேடுகிறது.

லக்கி லூசருக்கு 2 என்று எண் போட்டுப் பார்த்தேன். மேலே ஏறினார், ஆனால் சீடு என்றே காட்டுகிறது, அது தப்பு. அப்புறம் 6-0, 6-0 என்று பொய் ஸ்கோர் போட்டேன். அவர் வெற்றிக் கணக்கில் ஒன்று கூடிவிட்டது. நேரடியாகப் பெயரைத் தட்டினால் ஃபார்முலாவே அழிகிறது.

நாளை காலை முதல் ஆட்டம். எதிர்க் கட்டத்தில் ‘பை’ என்று இருந்தால் பெயரை அப்படியே மேலே ஏற்றி, மற்ற நேரத்தில் மட்டும் ஸ்கோரைப் பார்க்கும்படி ஃபார்முலாவை எப்படி எழுதுவது?