காது கேட்காத ராஜபாளையம் நாய், ஓடுகிற ரம்பம்: என்ன செய்யலாம்?

ஓய்வுத்தச்சன்:

வணக்கம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கார் ஷெட்டைத் தச்சுப் பட்டறையாக்கிக்கொண்டேன். 10க்கு 14 அடி. 7 அங்குல சர்க்குலர் ரம்பத்தை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்க ஒரு சின்ன ரூட்டர், தேய்த்து வழவழப்பாக்க சாண்டர், அப்பா காலத்து இழைப்புளி இரண்டு. பழைய வீடு இடிக்கிற இடங்களில் வாங்கும் தேக்குக் கதவும் உத்திரமும்தான் சரக்கு.

வீட்டில் இரண்டு நாய்கள். கருப்பி, தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவள். ரம்பத்தின் பிளக்கைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெள்ளையன், 2 வயது ராஜபாளையம். பிறவியிலேயே காது கேட்காது. குட்டியாக இருந்தபோது குக்கர் விசிலுக்கும் அசையாமல் தூங்கினான். என்ன சாது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பிரச்சினை அவன்தான். மற்ற நாய்களைச் சத்தமே விரட்டிவிடும். இவனுக்கு அது இல்லை. நான் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் ஒரு தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். அரை அடி பின்னால் நகர்ந்தேன், காலுக்கு அடியில் வால். அவன் துள்ள, நான் தடுமாற, பலகை கோணிக்கொண்டு ரம்பத்தில் மாட்டியது. தூக்கி எறிந்த வேகத்தில் என் இடுப்பை உரசிப் போய் ஷட்டரில் மோதியது. இரண்டு பேருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று முழுக்கக் கை நடுக்கம் போகவில்லை.

வெளியே கட்டிப்போட்டுப் பார்த்தேன். தான் போடும் சத்தம் தனக்கே தெரியாததால் ஊளை தெருமுனை வரை போகிறது. நாயா பட்டறையா என்று முடிவு பண்ணுங்கள் என்கிறாள் மனைவி. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

இழைப்புளி:

சார், முதலில் நாயை விடுங்கள், ரம்பத்தைப் பாருங்கள். தலைகீழாக மாட்டும்போது பெரும்பாலும் மேல் மூடியையும், ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சின்னத் தகட்டையும் கழற்றிவிடுகிறோம். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பல்லைக் கவ்வாமல் தடுப்பதே அந்தத் தகடுதான். வால் இல்லாவிட்டாலும் ஒரு நாள் உங்களுக்கு இது நடந்திருக்கும். தகட்டை மறுபடி மாட்டுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் கரண்ட். அறுக்கும்போது போய்விட்டால் ஸ்விட்சை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது ரம்பம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லை, நாய் இருந்தால்? கரண்ட் வந்தாலும் நாம் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடுகிற ஸ்விட்ச் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போடுங்கள், அதுவரை பிளக்கைப் பிடுங்குங்கள்.

நாய்க்கு வாசலில் வெல்டு மெஷ் (கம்பி வலை) கதவு. பலகைக் கதவு வேண்டாம், அவன் உங்களைப் பார்க்க வேண்டுமே. 4 அடி வைத்தால் ராஜபாளையம் ஒரே தாவு. 6 அடி வையுங்கள். பலகை பின்னால் பறந்து வரும் நேர்கோட்டில் கதவு இருக்கக்கூடாது.

மூணு நாய் வீடு:

எங்களிடம் முன்பு ஒரு டால்மேஷன் இருந்தது, அதற்கும் இதே கதை. வெள்ளை நாய்களில் நிறம் தரும் செல்கள் உள்காதில் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தயவுசெய்து வெள்ளையனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். "நல்ல வெள்ளை, மூக்கும் ரோஸ்" என்று கேட்டு வருவார்கள்.

இழைப்புளி அண்ணா சொன்ன கதவோடு ஒரு சிவப்பு பல்பும் போடுங்கள். ரம்பத்தின் பிளக் பாயிண்ட்டுக்கு ஸ்விட்ச் போட்டதும் அதுவும் எரியட்டும். முதல் சில நாள் ரம்பத்தை ஓட்டாதீர்கள். பல்பு எரிந்ததும் கதவுக்கு வெளியே ஒரு சாக்கின் மேல் அவனை உட்கார வைத்து பிஸ்கட் கொடுங்கள். அணைந்ததும் கொடுக்காதீர்கள். எங்களுடையது ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது. லேசர் விளக்கை மட்டும் காட்டிக் கூப்பிடாதீர்கள். சில நாய்கள் அப்புறம் நாள் முழுக்கப் புள்ளியைத் தேடித் திரியும்.

தூங்கும்போது திடீரென்று தொட்டு எழுப்பவும் வேண்டாம். மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் வாசனைக்கே விழித்துக்கொள்வான்.

கௌசல்யா (கோவை):

எல்லோரும் ரம்பத்தையே பேசுகிறீர்கள். எங்கள் லாப்ரடார் படுத்தது பசையால். வெள்ளைப் பசை என்றால் பெரும்பாலும் வாந்தி பேதியோடு போய்விடும். அவள் நக்கியது நுரைத்து உப்புகிற பாலியூரித்தேன் பசை. அது வயிற்றின் ஈரத்தில் பல மடங்கு பெருகிக் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். நேராக டாக்டரிடம் போங்கள்.

துத்தநாகப் பூச்சு போட்ட திருகும் வாஷரும் விழுங்கினால் ரத்த அணுக்களையே அழிக்கும். பழைய கதவிலிருந்து பிடுங்கும் ஆணிகளை ஒரு மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். கரையான் மருந்து அடித்த பலகை நன்றாகக் காயும்வரை நாய் கிட்டவே வரக்கூடாது.

தூசி பற்றி ஒரு வார்த்தை. மரத்தூளைப் புற்றுநோய் வரவழைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. நீங்கள் மாஸ்க் போடுவீர்கள், அவன் போட மாட்டான். தரையில் படுத்து, ரோமத்தை நக்கி, எல்லாம் உள்ளே போகும். சாண்டர் ஓட்டிய நாளில் உலர்ந்த விளக்குமாறு எடுக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். அவனை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குள் விடுங்கள்.

ஓய்வுத்தச்சன்:

மூவருக்கும் நன்றி. தகடு பழைய அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது, மாட்டிவிட்டேன். மெஷ் கதவு 6 அடி. ஸ்விட்ச் மதுரையிலிருந்து வந்தது. பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் "நாய்க்கா சார் சிக்னல்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வெள்ளையன் ஒன்பதாம் நாள் புரிந்துகொண்டான். சிவப்பு எரிந்ததும் எழுந்து போய்ச் சாக்கில் உட்கார்ந்து மெஷ் வழியாக என்னையே பார்க்கிறான். நேற்று ஒரு ஸ்டூலுக்கு நான்கு காலும் அறுத்து முடித்தேன். நிம்மதியாக வேலை பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

இப்போது கருப்பிதான் புதுத் தொல்லை. சிவப்பு எரிந்தால் பிஸ்கட் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டே வந்து சாக்கில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டாவது சாக்கு போட வேண்டும்.